பழைய புல்லட்டை வீட்டில் பிரிப்பவர்களுக்கு ஒரு டூட்டி டாக்டரின் த்ரெட்

1/


பழைய புல்லட், பழைய எஸ்டி, பழைய ராஜ்தூத் எதையாவது ஊர்ப்பக்கம் தேடிப் பிடித்து, வீட்டுக்குக் கொண்டு வந்து, நட்டு நட்டாகப் பிரித்து, மறுபடி ஓட வைக்கும் ஆசை இப்போது என் வயதுக்காரர்கள் பலருக்கு இருக்கிறது.

எனக்கும் இருக்கிறது. என் சித்தப்பா ஓட்டிய 1978 மாடல் புல்லட் இப்போது என் வீட்டுப் போர்டிகோவில்தான் நிற்கிறது. அதனால் "இதெல்லாம் எதுக்குங்க வேண்டாத வேலை" என்று சொல்ல நான் வரவில்லை. செய்யுங்கள். நல்ல பொழுதுபோக்கு. கைக்கும் மூளைக்கும் வேலை.

நான் சொல்ல வருவது ஒரே ஒரு விஷயம்தான்.

பழைய வண்டி வீட்டுக்குள் வந்தால், கூடவே ஒரு வொர்க்‌ஷாப்பும் வீட்டுக்குள் வருகிறது. ஆபத்தை நீங்கள் விரும்பி எடுக்கிறீர்கள். பக்கத்து அறையில் தூங்கும் குழந்தையும், உங்கள் சட்டையைத் துவைக்கும் அம்மாவும் விரும்பி எடுக்கவில்லை.

கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையாக வாசியுங்கள்.

2/
முதலில் இந்த வண்டியின் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

ராயல் என்ஃபீல்டு பிறந்தது இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்தில். 1950களின் தொடக்கத்தில் நம் ராணுவத்துக்கு எல்லையில் ஓட்ட உறுதியான பைக் தேவைப்பட்டது. 350 சிசி புல்லட்டைத் தேர்வு செய்து 800 வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். அதன் தொடர்ச்சியாக 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா கம்பெனி உருவானது. திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது.

இங்கிலாந்தில் 1970 வாக்கில் கடையையே மூடிவிட்டார்கள். நம்ம திருவொற்றியூரில் மட்டும் அந்தப் பழைய டிசைன் வண்டி தொடர்ந்து வந்துகொண்டே இருந்தது.

அதனால்தான் தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு மாட்டுக்கொட்டகையில், ஒரு மாடிப்படிக்குக் கீழே, கோணிச்சாக்கு போர்த்திய ஒரு புல்லட் நிற்கிறது. சென்னை புதுப்பேட்டையில் இன்றும் பழைய சாமான் தேடி எடுக்க முடிகிறது.

வண்டி எளிமையானது. ஒரு சிலிண்டர், 346 சிசி, கார்புரேட்டர், பாயின்ட். கம்ப்யூட்டர் கிடையாது. ஸ்பானர் செட்டும் பொறுமையும் இருந்தால் வீட்டிலேயே பிரிக்கலாம்.

சிக்கலே அந்த "வீட்டிலேயே" என்ற வார்த்தையில்தான் இருக்கிறது.

3/
பிரேக்கில் இருந்து ஆரம்பிப்போம்.

பழைய வண்டியின் பிரேக் டிரம்மைத் திறந்தால் உள்ளே கருப்பாக மாவு மாதிரி ஒரு தூசி இருக்கும். நம்மில் பெரும்பாலானோர் என்ன செய்வோம்? வாயால் "ஃபூ" என்று ஊதுவோம். இல்லாவிட்டால் காற்றுக் குழாயைக் காட்டுவோம்.

அந்தக் காலத்து பிரேக் லைனிங்குகளில் பொதுவாக ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். வெப்பத்தைத் தாங்கும், விலை மலிவு என்பதால் உலகம் முழுக்க அதைத்தான் பயன்படுத்தினார்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் இழை கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது. மூச்சில் உள்ளே போனால் நுரையீரலின் அடி ஆழம் வரை போகும். உடம்பால் அதைக் கரைக்கவும் முடியாது, முழுதாக வெளியேற்றவும் முடியாது. நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய், நுரையீரல் இறுகிப் போகும் ஆஸ்பெஸ்டோசிஸ் ஆகியவை இதனால் வரும். மீசோதீலியோமா தலைகாட்ட 30, 40 வருடங்கள் கூட ஆகலாம்.

ஒரு தடவை பிரேக் ஷூ மாற்றினால் கேன்சர் வந்துவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. ஒரு தடவைக்கான ஆபத்து மிகச் சிறியது. ஆனால் இது இழுக்க வேண்டிய அவசியமே இல்லாத தூசி. ஒரு மக் தண்ணீரில் தவிர்க்கக் கூடியதை ஏன் இழுக்க வேண்டும்?

4/
இங்கே வீட்டுக்காரர்கள் எப்படி வருகிறார்கள் என்று பாருங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் பற்றி மருத்துவ உலகம் கற்ற கசப்பான பாடங்களில் ஒன்று இது. தொழிற்சாலைக்குள் கால் வைக்காத பெண்களுக்கும் மீசோதீலியோமா வந்தது. எப்படி? கணவன் போட்டுக்கொண்டு வந்த வேலைச் சட்டையை உதறித் துவைத்ததால்.

அவர்கள் நாள்தோறும், வருடக்கணக்கில் அந்தத் தூசியில் இருந்தவர்கள். உங்கள் ஞாயிற்றுக்கிழமை வேலையை அதோடு ஒப்பிட முடியாது. ஆனால் தூசி வீட்டுக்குள் போகும் வழி ஒன்றுதான். உங்கள் சட்டை.

என்ன செய்யலாம்?

டிரம்மை ஊதாதீர்கள். காற்று அடிக்காதீர்கள். காய்ந்த பிரஷ்ஷால் தட்டாதீர்கள். தண்ணீரில் கொஞ்சம் சோப்பு கலந்து, தூசி பறக்காமல் நனைத்து, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, அந்தத் துணியை ஈரத்தோடு கவரில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

பழைய லைனிங்கை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். என்95 மாஸ்க் போட்டிருக்கிறேனே என்ற தைரியத்திலும் வேண்டாம். இந்த இழைக்கு அந்த மாஸ்க் போதாது.

வேலைச் சட்டை தனி. அதைக் குழந்தையின் துணியோடு ஊறப்போடக் கூடாது. குளித்துவிட்டுப் பிறகு குழந்தையைத் தூக்குங்கள்.

5/
அடுத்து எஞ்சின் ஹெட்டைக் கழற்றினால் உள்ளே கரி படிந்திருக்கும். அதைச் சுரண்டுவது எல்லோருக்கும் பிடித்த வேலை.

இந்தியா முழுவதும் ஈயம் இல்லாத பெட்ரோல் வந்தது 2000 பிப்ரவரியில்தான். அதற்கு முன் ஓடி, அப்படியே மூலையில் நின்றுவிட்ட எஞ்சின் என்றால் அந்தக் கரியில் ஈயச் சேர்மங்கள் இருக்க வாய்ப்பு அதிகம். பழைய பெயின்ட்டிலும் இதே கதை.

ஈயம் பெரியவர்களையும் பாதிக்கும். ஆனால் வளரும் குழந்தையின் மூளையைத்தான் அதிகம் பாதிக்கும். குழந்தை தரையில் தவழும், கையை வாயில் வைக்கும். நீங்கள் சுரண்டிய தூள் அதே தரையில்தான் விழுகிறது.

எண்ணெய் தடவி ஈரமாகச் சுரண்டுங்கள். கீழே பேப்பர் விரியுங்கள். முடித்ததும் சுருட்டிக் கட்டுங்கள். விளக்குமாறு போட்டுக் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். அந்தக் கையோடு வடை சாப்பிடாதீர்கள், டீ குடிக்காதீர்கள்.

6/
இப்போது நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் இடத்துக்கு வருகிறேன்.

பெட்ரோலை வாட்டர் பாட்டிலில், கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள்.

தயவு செய்து வைக்காதீர்கள்.

அரசு மருத்துவமனை எமர்ஜென்சியில் டூட்டி பார்த்த எந்த டாக்டரையும் கேளுங்கள். மண்ணெண்ணெய், தின்னர், பெட்ரோல் இவற்றைத் தண்ணீர் என்று நினைத்துக் குடித்த ஒன்றரை வயது, இரண்டு வயதுக் குழந்தைகளைக் கட்டாயம் பார்த்திருப்பார். ஒவ்வொரு முறையும் வீட்டார் சொல்வது ஒன்றுதான். "பாட்டில்ல ஊத்தி வச்சிருந்தோம் டாக்டர். எட்டாதுன்னு நினைச்சோம்."

வயிற்றுக்குள் போனதைவிட நுரையீரலுக்குள் போன சில சொட்டுகள்தான் குழந்தையைச் சீரியஸாக்கும். பெட்ரோல் மிக இலகுவான திரவம். இருமும்போது, வாந்தி எடுக்கும்போது மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நுரையீரல் முழுக்கப் பரவும். கெமிக்கல் நிமோனியா வரும்.

அதனால் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், பால், முட்டை எதுவும் கொடுக்காதீர்கள். தொண்டைக்குள் விரல் விடாதீர்கள். நனைந்த துணியைக் கழற்றிவிட்டு, அந்த பாட்டிலையும் எடுத்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்கு வாருங்கள். குழந்தை நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் சில மணி நேரம் கண்காணிப்பில் வைக்க வேண்டும். மூச்சுத் திணறல் தாமதமாகவும் ஆரம்பிக்கலாம்.

டேங்க்கில் இருந்து ட்யூப் போட்டு வாயால் உறிஞ்சுகிறீர்களே, அந்தப் பெரியவர்களுக்கும் இதே நிமோனியாதான் வரும். கை பம்ப் கடையில் கிடைக்கிறது. விலை மிகக் குறைவு.

7/
பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது. தரையோடு தண்ணீர் மாதிரி ஓடும்.

கார்புரேட்டரைப் போர்டிகோவில் கழுவுகிறீர்கள். கதவு திறந்திருக்கிறது. உள்ளே ஹாலைத் தாண்டிப் பூஜை அறையில் விளக்கு எரிகிறது. சமையலறையில் குக்கர் வைத்திருக்கிறார்கள். ஆவி அங்கே போய்ச் சேர்ந்தால், தீ அதே வழியாக உங்களிடம் திரும்பி வரும்.

மெக்கானிக் கடையில் பூஜை விளக்கு முன்னால் ஷட்டர் திறந்திருக்கும், காற்று ஓடும். வீடு அப்படி இல்லை.

பாகங்களைக் கழுவ பெட்ரோலுக்குப் பதில் சோப்புத் தண்ணீரிலோ டிகிரீசரிலோ முடிந்தவரை முடியுங்கள். தவிர்க்கவே முடியாவிட்டால் திறந்த வெளியில், கையுறையோடு, சின்னக் கிண்ணத்தில் கொஞ்சமாக. கிரீஸ் போகக் கையைப் பெட்ரோலில் கழுவும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அதில் பென்சீன் இருக்கிறது. நம் நாட்டில் பெட்ரோலில் 1 சதவீதம் வரை பென்சீன் அனுமதிக்கப்படுகிறது. ரத்தப் புற்றுநோயோடு தொடர்புள்ள பொருள் அது. சமையல் எண்ணெய் கொஞ்சம் தேய்த்து, பிறகு சோப்பு போட்டால் கிரீஸ் அழகாகப் போகும்.

ஓட்டை விழுந்த டேங்க்கை "காலியாத்தான இருக்கு" என்று வெல்டிங் வைக்காதீர்கள். பெட்ரோல் நிரம்பிய டேங்க்கைவிட, ஆவி மட்டும் இருக்கும் காலி டேங்க்தான் வெடிக்கும். அந்த வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

8/
டேங்க்கின் உள்ளே துரு. அதற்கு டாய்லெட் கழுவும் ஆசிட் ஊற்றச் சொல்லி வீடியோக்கள் இருக்கின்றன.

ஆசிட் இரும்போடு வினைபுரிந்தால் ஹைட்ரஜன் வரும். அது எரியும் வாயு. ஆசிட் வேலை சரியாக முடியவில்லை என்று சிலர் மேலே கொஞ்சம் பிளீச்சிங் பவுடரையும் போடுவார்கள். அப்படிப் போட்டால் வருவது குளோரின். குளோரின் நுரையீரலை அரிக்கும். இந்த இரண்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள். பாத்ரூம் கழுவும்போதும் இதே விதிதான்.

சிட்ரிக் ஆசிட் கரைசலை ஊற்றி ஒரு இரவு ஊற விட்டால் துரு மெதுவாகக் கழன்று வரும். பிறகு ஆப்ப சோடா கலந்த தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய வையுங்கள். ஒரு நாள் கூடுதலாக ஆகும். ஆகட்டும். 40 வருடம் நின்ற வண்டி.

9/
மாதக்கணக்கில் உழைத்து, ஒரு இரவு எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிட்டது. அந்த "டுக் டுக்" சத்தம். வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு வந்து காட்டுவீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் திட்டுவாரே என்று ஷெட் கதவைச் சாத்திவிட்டு ஓட விடுவீர்கள்.

கதவைத் திறங்கள்.

புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல். பிறகு குழப்பம், மயக்கம்.

கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிப் பார்த்து "98 காட்டுது, ஒண்ணும் இல்ல" என்று நினைத்துவிடாதீர்கள். அந்தச் சாதாரண மெஷினுக்கு ஆக்சிஜன் ஏறிய ரத்தத்துக்கும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது. ஆள் மயங்கிக் கிடந்தாலும் நார்மல் காட்டும்.

தலை வலித்தால் உடனே எல்லோரும் வெளியே வாருங்கள். 108க்கு அழையுங்கள்.

10/
செயின்.

டூ வீலரால் விரல் போகும் ஒரு சாதாரண வழி எது தெரியுமா? விபத்து இல்லை. சென்டர் ஸ்டாண்டு போட்டு, எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றும் செயினில் துணியைப் பிடித்துத் துடைப்பது. துணியைச் செயின் இழுக்கும். துணியோடு விரல் ஸ்ப்ராக்கெட் பல்லுக்குள் போகும். கண் சிமிட்டும் நேரம் கூட ஆகாது.

எஞ்சின் ஆஃப். சாவி வெளியே. கியர் நியூட்ரல். சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றித்தான் செயினைத் துடைக்க வேண்டும். சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். "அப்பா நான் ஸ்டார்ட் பண்றேன்" என்று ஓடி வரும் பிள்ளைகள் இருக்கும் வீடு.

11/
விரல் துண்டாகிவிட்டால் என்ன செய்ய வேண்டும்? இதை எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

காயத்தின் மேல் சுத்தமான துணி வைத்து அழுத்திப் பிடித்து, கையை உயர்த்துங்கள். காபித்தூள், மஞ்சள்தூள் வேண்டாம்.

துண்டான விரலைத் தேடி எடுங்கள். சுத்தமான தண்ணீரில் லேசாக அலசுங்கள். தேய்க்கக் கூடாது. ஈரமான சுத்தத் துணியில் சுற்றுங்கள். அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தண்ணீர் புகாமல் கட்டுங்கள். அந்தக் கவரை ஐஸும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் வையுங்கள்.

விரலை நேரடியாக ஐஸ் மேல் வைக்கக் கூடாது. திசுக்கள் உறைந்து செத்துவிடும். பிறகு ஒட்ட வைக்க முடியாது.

முடிந்தவரை 6 மணி நேரத்துக்குள் கை அறுவை சிகிச்சை வசதி உள்ள இடத்துக்குப் போக வேண்டும். சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவை சிகிச்சைத் துறை நாடு அறிந்தது. உங்கள் ஊருக்கு அருகில் எங்கே இந்த வசதி இருக்கிறது என்பதை இன்றே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

12/
கண்.

துருவை எடுக்க கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி ஓட்டுவோம். அதிலிருந்து ஒரு கம்பி இழை பிய்ந்து வந்தால் தோட்டா மாதிரி வரும். சுத்தியலால் போல்ட்டை அடிக்கும்போது தெறிக்கும் இரும்புத் துகள் கண்ணின் உள்ளேயே போய்விடும். வெளியே பார்த்தால் சின்னச் சிவப்புப் புள்ளி. வலியும் பெரிதாக இருக்காது. உள்ளே இரும்பு தங்கிவிட்டால் நாளாக நாளாகப் பார்வை போகும்.

பவர் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது. பக்கவாட்டிலும் மூடும் கண்ணாடி போடுங்கள். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் பையனுக்கும் ஒன்று. அவனுக்குத்தான் முதலில்.

கண்ணில் எதுவும் விழுந்தால் தேய்க்காதீர்கள். தீக்குச்சி, கர்ச்சீப் முனை, நாக்கு வைத்து எடுக்கும் "எக்ஸ்பர்ட்"களிடம் போகாதீர்கள். கண் மருத்துவரிடம் போங்கள். பேட்டரி ஆசிட் பட்டால் மட்டும் யாரையும் தேடாமல் முதலில் குழாயடியில் நின்று குறைந்தது 15 நிமிடம் கண்ணைத் திறந்து வைத்துக் கழுவுங்கள். பிறகு மருத்துவமனை.

13/
"துருப்பிடிச்ச இரும்பு குத்திடுச்சு, டிடி போடணுமா டாக்டர்?"

டெட்டனஸ் துருவால் வருவதில்லை. மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் ஒரு பாக்டீரியாவால் வருகிறது. ஆனால் மாட்டுக்கொட்டகையில் 20 வருடம் நின்ற வண்டியில் மண்ணும் சாணமும் இல்லாமல் இருக்குமா?

பெரியவர்களுக்கு 10 வருடத்துக்கு ஒருமுறை டிடி பூஸ்டர் வேண்டும். அழுக்கான, ஆழமான காயம் என்றால், கடைசி ஊசி போட்டு 5 வருடம் தாண்டியிருந்தாலே போட்டுக்கொள்ள வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். வண்டியைப் பிரிக்கும் முன்பே போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள்.

14/
பெயின்ட். இதில் என் கருத்து கறாரானது. வீட்டில் வேண்டாம்.

ஹார்டனர் கலந்து அடிக்கும் ஸ்ப்ரே பெயின்ட்டுகளில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கும். ஆஸ்துமாவே இல்லாதவருக்கும் ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியது. ஒருமுறை உடம்பு அதற்கு அலர்ஜி ஆகிவிட்டால், பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சு இழுக்கும். துணி மாஸ்க்கோ என்95 மாஸ்க்கோ இந்த ஆவியைத் தடுக்காது.

டேங்க்கையும் மட்கார்டையும் கழற்றி, முறையான பெயின்ட் பூத் வைத்திருப்பவரிடம் கொடுங்கள். தங்க நிறக் கோடு கையால் போடும் பெயின்ட்டர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு வேலை ஆகும்.

15/
வண்டி ரெடி. இப்போது ரோடு.

பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்றவை கீழே. இன்றைய பைக்குகளுக்கு நேர் எதிர். 15 வருடம் இன்றைய பைக் ஓட்டிய கால், திடீரென்று நாய் குறுக்கே வந்தால் யோசிக்காது. வலது காலை அழுத்தும். பிரேக் பிடிக்காது. கியர் விழும்.

இதை அறிவால் ஜெயிக்க முடியாது, பழக்கத்தால்தான் முடியும். காலி மைதானத்தில் சில நாட்கள் நிறுத்தி நிறுத்திப் பழகுங்கள். வீட்டில் வேறு யாராவது எடுத்துக்கொண்டு போகாதபடி சாவியைப் பத்திரமாக வையுங்கள்.

கிக்கர் திருப்பி அடித்தால் கணுக்காலும் முழங்காலும் போகும். டைமிங் சரியாக வைத்து, டீகம்ப்ரஷரைப் பயன்படுத்தி, ஷூ போட்டு உதையுங்கள். செருப்போடு வேண்டாம்.

16/
அடுத்து நெடும்பயணம். பழைய புல்லட்டை மீட்டவர்கள் யாரும் மளிகைக் கடைக்குப் போக மீட்பதில்லை. கொல்லிமலைக்கோ கொடைக்கானலுக்கோதான் மனசு போகும்.

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது எஞ்சின் சூடாகும். இறங்கும்போது பிரேக் சூடாகும். டிரம் பிரேக் தொடர்ந்து சூடானால் பிடிப்பு குறைந்துகொண்டே போகும். லிவர் இருக்கும், பிரேக் இருக்காது. சின்ன கியரில் இறங்குங்கள். நடுவில் நிறுத்தி ஆற விடுங்கள்.

டயரின் பக்கவாட்டில் 4 இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. 4 இலக்கம் இல்லை என்றால் அது 2000க்கு முந்தைய டயர். பட்டன் நன்றாக இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். ரப்பர் கல்லாகியிருக்கும். மாற்றுங்கள்.

ஹெல்மெட் ஐஎஸ்ஐ முத்திரையோடு புதிதாக இருக்கட்டும். வண்டிக்கு மேட்ச்சாக 70கள் காலத்து ஹெல்மெட்டைத் தேடிப் போடாதீர்கள். கண்காட்சியில் அதை டேங்க் மேல் வைத்துக்கொள்ளலாம்.

17/
இப்போது சில நண்பர்களோடு நான் சண்டை போட வேண்டிய இடம்.

"டாக்டர், எல்லாம் ஒரிஜினலா இருக்கணும். கம்பெனியில இருந்து வந்த மாதிரியே." இதற்காக 70களில் பேக் செய்த, பெட்டி கூடப் பிரிக்காத பிரேக் ஷூவைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள். பெருமையாகப் போட்டோ போடுகிறார்கள்.

அந்தப் பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸும் 45 வருடம் காய்ந்த பசையும்தான்.

பிரேக் லைனிங், டயர், கேபிள், பெட்ரோல் ட்யூப் எல்லாம் தேயும் பொருட்கள். 1978இல் வண்டி வாங்கியவரும் இவற்றை மாற்றிக்கொண்டேதான் இருந்தார். அந்தந்த வருடம் கடையில் கிடைத்த நல்ல பொருளைப் போட்டார். நீங்களும் இந்த வருடம் கிடைக்கும் நல்ல பொருளைப் போடுங்கள். அதுதான் உண்மையில் அவர் செய்ததைச் செய்வது. வாங்கும்போது நான்-ஆஸ்பெஸ்டாஸ் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். நம் நாட்டில் ஆஸ்பெஸ்டாஸ் முழுமையாகத் தடை செய்யப்படவில்லை.

2021இல் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதிகள் கொண்டு வந்தது. 50 வருடம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிக்கு விஏ என்ற எழுத்துகளோடு தனி எண் கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். அந்த விதி கவலைப்படுவது சேஸிஸ், பாடி, எஞ்சின் பற்றி. அந்தப் பதிவில் இருக்கும் வண்டியை அன்றாடம் ரோட்டில் ஓட்டவும் கூடாது. ஊர் சுற்ற ஆசை என்றால் சாதாரண ஆர்சியைப் புதுப்பித்து ஓட்டுங்கள்.

வண்டியை 1978க்குக் கொண்டு போங்கள். பாதுகாப்பை 1978க்குக் கொண்டு போகாதீர்கள்.

18/
கமென்ட்டில் இது கட்டாயம் வரும். "எங்க ஊர் மெக்கானிக் 40 வருஷமா வெறுங்கையில பெட்ரோல்ல கழுவுறாரு. நல்லாத்தான இருக்காரு."

இருக்கலாம். ஆனால் நீங்கள் பார்ப்பது 40 வருடம் தாங்கியவரை. இருமி இருமி நடுவில் தொழிலை விட்டவர், விரல் போனதால் வேறு வேலைக்குப் போனவர், பார்வை மங்கியவர் யாரும் இன்று அந்தக் கடையில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அவர்களை நாங்கள் ஓ.பி.யில் பார்க்கிறோம். கை தோல் வெடித்து, தடித்து, எந்தக் களிம்புக்கும் அடங்காத மெக்கானிக்குகள் வருகிறார்கள். "வேலையை மாத்துங்க" என்று எழுதிக் கொடுக்க எங்களால் முடியாது. அவர்களுக்கு இது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு இல்லை, சோறு.

நமக்கு ஒரு வண்டி. அவர்களுக்கு வருடத்துக்கு நூற்றுக்கணக்கான வண்டிகள். நமக்கு ஒரு டிரம் தூசி. அவர்களுக்கு அதுதான் காற்று. கூடவே ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் ஹெல்பர் தம்பி ஒருவன் இருப்பான். பள்ளிக்குப் போக வேண்டிய வயதில் இருந்தால், அவன் அங்கே இருப்பதே சட்டப்படி தவறு. அதைக் கேட்கவும் நமக்கு வாய் வர வேண்டும்.

வீட்டில் பழைய வண்டி பிரிப்பவர்களில் பெரும்பாலானோர் என்னைப் போல மாதச் சம்பளம் வாங்குபவர்கள். நம் வீட்டுக்குள் வந்ததால்தான் இந்தத் தூசியும் ஆவியும் நம் கண்ணில் படுகின்றன. தெரு முனைக் கடையில் அவை எப்போதும் இருந்தன.

19/
அதனால் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன்.

நைட்ரைல் கையுறை ஒரு டப்பா, பக்கவாட்டில் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, பெட்ரோல் எடுக்கக் கை பம்ப், மூடி போட்ட சரியான பெட்ரோல் கேன். உங்கள் வண்டிக்கு வாங்கும் ஒரு நல்ல சைலன்சரைவிட இவை எல்லாம் சேர்ந்தே மலிவு.

வாங்கும்போது இரண்டு செட்டாக வாங்குங்கள். ஒன்று உங்கள் போர்டிகோவுக்கு. இன்னொன்று, உங்களுக்கு டைமிங் வைக்கச் சொல்லிக் கொடுத்த அந்த மெக்கானிக் அண்ணனுக்கு. கொடுத்துவிட்டு, டிரம்மை ஏன் ஊதக் கூடாது என்பதையும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டு வாருங்கள். அவர் நமக்கு வேலை சொல்லிக் கொடுத்தார். நாம் இதைச் சொல்லிக் கொடுப்போம்.

வீட்டில் பைக் வேலை செய்யும் நண்பர்கள் இருந்தால் இந்த த்ரெட்டை அவர்களுக்கு அனுப்புங்கள். சந்தேகம் இருந்தால் கமென்ட்டில் கேளுங்கள். டூட்டி முடிந்து வந்து பதில் சொல்கிறேன்.


அரசு மருத்துவர், எம்பிபிஎஸ்